கருமத்தம்பட்டியில் தொடங்கிய படிப்பு

1846 அக்டோபர் 4, அந்த மாதத்தின் முதல் ஞாயிறு. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தில், புதுச்சேரியிலிருந்து வந்திருந்த ஆயர் பொன்னான், 32 வயதுப் பிரெஞ்சுக் குரு ஒருவரின் தலைமேல் கைவைத்து அவரை ஆயராகத் திருநிலைப்படுத்தினார். புதிய ஆயரின் பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். தென் பிரான்சின் காஸ்டெல்நோதாரியில் 1813-இல் பிறந்தவர். பாரிஸ் மறைபரப்புச் சபையில் சேர்ந்து 1842 ஜூலையில் புதுச்சேரியில் கரையிறங்கியவர். சேலத்தில் தமிழ் படித்தபடி பங்குப் பணி செய்தவர். கோவையை 1850-இல் அப்போஸ்தலிக்க விகாரியத்தாக உரோமை உயர்த்தியபோது அதன் முதல் தலைவரும் அவரே. அந்த 1850-லிருந்து 175 ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பேசும் இம்மலரில் ஆலயங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒன்றை. மக்களின் ஆன்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பேற்றவர்கள், அதாவது குருக்கள், வேதியர்கள், கன்னியர்கள், கொங்கு மண்ணில் எப்படிப் படித்தார்கள், எப்படித் தங்களைப் புதுப்பித்துக்கொண்டார்கள் என்பதே அது.

பிரெசியாக்குக்கு முன்பே இந்தக் கதை தொடங்கிவிட்டது. 1623-இல் தத்துவ போதகர் எனத் தமிழர் அறிந்த இராபர்ட் தெ நொபிலி மதுரையை விட்டுச் சேந்தமங்கலம், சேலம் வழியாகப் பயணம் செய்தார். அதன் பின் சத்தியமங்கலம் மதுரை மிஷனின் முக்கியமான தளங்களில் ஒன்றாயிற்று. ஒரு சாமியாருக்குக் கீழே பல நாள் நடைப் பயணத்தில் அடங்கும் ஊர்கள் இருந்தன. ஓர் ஊருக்கு ஆண்டில் ஒரு முறை அவர் வந்தால் பெரிது. இடைப்பட்ட நாள்களில் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர், சாகக் கிடந்தவரின் பாயருகே உட்கார்ந்தவர், பிறந்த குழந்தைக்கு ஆபத்து என்றால் ஞானஸ்நானம் கொடுத்தவர், சண்டைக்காரர்களைச் சமாதானம் செய்தவர் எல்லாம் வேதியர்தான். உபதேசியார் என்றும் அவரை அழைப்பார்கள். மனைவி மக்களோடு குடும்பம் நடத்தியவர் அவர். மேய்ப்புப் பணி என்று இன்று நாம் சொல்லும் வேலையில் பெரும்பகுதி அவர் தோளில்தான் இருந்தது.

அந்த வேதியரை யார் பார்த்துக்கொண்டார்கள்? இதற்கு மதுரை மிஷன் ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருந்தது. வேதியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சாமியார் தங்கியிருக்கும் இடத்துக்கு வந்து சேருவார்கள். சில நாள்கள் ஞான ஒடுக்கம். மௌனம், தியானம், பாவசங்கீர்த்தனம், பிறகு பாடம். தங்கள் ஊர்களின் நிலையைச் சொல்வார்கள், சந்தேகங்களைக் கேட்பார்கள், திரும்பிப் போவார்கள். இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் ஊறிய இயேசு சபையார், தாங்கள் பெற்றதையே சுருக்கி வேதியர்களுக்கும் கொடுத்தார்கள்.

வீரமாமுனிவர் இவர்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். 1727-ஐ ஒட்டி வந்த 'வேதியர் ஒழுக்கம்'. தமிழ் உரைநடை வரலாற்றைப் பேசுவோர் அந்நூலின் நடையைப் புகழ்வார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. தேம்பாவணியைப் பாடிய கவிஞர், கிராமத்து உபதேசியார்கள் வாசித்துத் தியானிப்பதற்காக உட்கார்ந்து உரைநடை எழுதியிருக்கிறார். பிறருக்குப் போதிப்பவன் முதலில் தன் ஆன்மாவைக் காக்க வேண்டும் என்பதும் அந்த வேலையின் மேன்மையும் அதில் பேசப்படுகின்றன. மேய்ப்புப் பணியாளரின் தொடர்கல்விக்குத் தமிழில் எழுந்த முதல் பாடநூல்களில் ஒன்றாக அதை வைக்கலாம் என்பது என் எண்ணம். அறிஞர் ஒருவர் தம் முழுத் திறமையையும் ஓர் எளிய பணியாளருக்காகச் செலவிட்டார் என்பது எனக்கு அதன் நடையழகைவிடப் பெரிதாகப் படுகிறது.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1776-இல் அதன் பணித்தளங்களைப் பாரிஸ் மறைபரப்புச் சபை ஏற்றுக்கொண்டது. குருக்கள் அருகிப்போன அந்தக் காலத்தில், போர்களும் பஞ்சமும் மாறி மாறி வந்த கொங்கு ஊர்களில் ஜெபத்தை அணையாமல் வைத்திருந்ததில் வேதியர்களின் பங்கு பெரிது. அவர்கள் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை.

பிரெசியாக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் வந்து இறங்கிய புதுச்சேரியில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. இந்திய மண்ணில் பிறந்த குருக்கள் வெறும் உதவியாளர்களா, அல்லது ஒருநாள் திருச்சபையைத் தாங்களே நடத்தப்போகிறவர்களா? 1844 ஜனவரியில் கூடிய புதுச்சேரி ஆயர் மன்றம், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதே மிஷனின் முதல் வேலை என்று முடிவு கண்டது. மன்றத்தின் முடிவுகளை உரோமைக்குக் கொண்டுபோனார்கள். 1845 நவம்பர் 23-இல் உரோமை அனுப்பிய அறிவுரை, உலகெங்கும் உள்ள மிஷன்களுக்கு அதையே கட்டளையாக்கியது. தென்னிந்தியாவில் நடந்த ஒரு கூட்டம் உலகத் திருச்சபையின் போக்கைத் தொட்ட அரிய தருணம் இது. மன்றத்துக்குப் பின் புதுச்சேரிக் குருமடத்தின் பொறுப்பு பிரெசியாக்கிடம் வந்தது. மாணவர்களோடு இருந்த அந்தக் காலம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

ஆகவே கோவைக்கு ஆயராக வந்தவுடன் அவர் முதலில் மனம் வைத்தது குருமடத்தில். கையில் பணமில்லை, உடனிருந்த குருக்கள் ஒரு சிலரே. ஆலயங்களோ ஓலையும் ஓடுமாக இருந்தன. இவற்றையெல்லாம் சரிசெய்துவிட்டுப் பிறகு மாணவர்களைச் சேர்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. கட்டடத்தைவிடக் குருவை முன்னே வைத்தார். ஐரோப்பியர் இன்னும் பலர் வரவேண்டும் என்று கேட்ட மிஷன் தலைவர்கள் நடுவே, இங்குள்ள பையன்களை நன்றாகப் படிக்கவைத்தால் போதும், அவர்கள் நம்மைவிட நன்றாக இந்த மக்களை மேய்ப்பார்கள் என்று நம்பியவர் அவர். இந்த நம்பிக்கை அவருடைய சக குருக்களிடத்திலேயே எல்லோருக்கும் உவப்பாக இருக்கவில்லை.

அதே ஆண்டுகளில், 1853-இல், அவருடைய மிஷனில் பணியாற்றிய ஜோசப் லூயி ரவேல் அடிகளார் கோவையில் காணிக்கை அன்னை பிரான்சிஸ்கன் கன்னியர் சபையைத் தொடங்கினார். வீட்டுக்குள் போய்ப் பெண்களோடு பேச, பெண் பிள்ளைகளுக்குக் கல்வி தர, ஓர் ஆண் குருவால் ஆகாத காரியங்களைச் செய்ய ஆள் தேவைப்பட்டது. குருமடத்துக்கு இணையாக இதையும் நான் வைப்பேன். மேய்ப்புப் பணிக்கென்று கொங்குப் பெண்கள் முறையாகப் பயிற்சி பெறத் தொடங்கியது இங்கேதான்.

இனி, வரலாற்று மலர்களில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடும் செய்தி. பிரெசியாக் பதவி விலகினார். 1855 மார்ச்சில் உரோமை அதை ஏற்றுக்கொண்டது. உடல்நலக் குறைவோ நிர்வாகத் தோல்வியோ அதற்குக் காரணம் அல்ல. அவரை அரித்துக்கொண்டிருந்தது மனச்சாட்சி. சாதியோடும் உள்ளூர் வழக்கங்களோடும் பின்னிய சடங்குகளில் எவற்றைக் கிறிஸ்தவர்களிடையே பொறுத்துக்கொள்ளலாம், எவற்றைக் கூடாது என்ற கேள்வி நொபிலி காலத்திலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1744-இல் இறுதியாகத் தீர்ப்புச் சொல்லி, இங்கு வரும் ஒவ்வொரு குருவும் அதைக் கடைப்பிடிப்பதாக ஆணையிட வேண்டும் என்று விதித்திருந்தார். ஊரில் நடைமுறை வேறாக இருந்தது. தான் ஆணையிட்டதற்கும் தன் மிஷனில் நடப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பிரெசியாக்கால் தாங்க முடியவில்லை. தெளிவான விடை கேட்டு உரோமைக்கு எழுதினார். மனத்துக்கு அமைதி தரும் விடை வரவில்லை. தன் உள்ளம் நிச்சயமில்லாமல் பிறரை நடத்த முடியாது என்று விலகினார்.

இதைத் தோல்வியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாதி நம் சபைகளை இன்றும் விட்டபாடில்லை. ஆலயப் பந்தியிலும் கல்லறையிலும் அதைப் பார்க்கிறோம். நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயர் அந்தக் கேள்வியைத் தன் தூக்கம் கெடும் அளவுக்கு உள்ளே எடுத்துக்கொண்டார் என்பது, குருக்களின் ஆண்டுத் தியானங்களில் எடுத்துப் பேசத்தக்க விஷயம். ஆன்மிகப் புத்துணர்வு என்றால் இதமான நாலு நாள் ஓய்வு என்று மட்டும் எண்ணுவோருக்கு அவர் வாழ்க்கை வேறொன்றைச் சொல்லும். மேய்ப்பவர் தன் பணியின் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தும் நேரமும் அதில் சேரும்.

அவர் நின்றுவிடவில்லை. 1856 டிசம்பர் 8-இல் லியோன் நகரத்துக் குன்றின் மேலுள்ள ஃபூர்வியேர் அன்னை ஆலயத்தில், தோழர்கள் சிலரோடு ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். அந்தந்த மண்ணின் மக்களிலிருந்தே குருக்களை உருவாக்குவது என்ற கோவைக் கனவை அந்தச் சபையின் நோக்கமாக வைத்தார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கியவர், ஜூன் 25-இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 45. இன்று அந்தச் சபையில் இந்தியர்களும் இருக்கிறார்கள். 2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவிக்க ஒப்புதல் தந்தார். கருமத்தம்பட்டி ஆலயத்துக்கு வரும் திருப்பயணிகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். நம் மறைக்கல்விப் புத்தகங்களில் அவருக்கு ஒரு பாடம் வேண்டும் என்று நான் நீண்ட நாளாகச் சொல்லி வருகிறேன்.

அவருக்குப் பின் வந்த ஆண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் கோவை மாவட்டத்தைச் சூறையாடியது. 1886-இல் விகாரியத்து மறைமாவட்டமாயிற்று, ஜோசப் பார்து அதன் முதல் ஆயர். நகரத்தில் பஞ்சாலைகள் எழுந்தன, கூடவே பிளேக்கும் வந்தது. பிரெஞ்சு ஆயர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1940-இல் உபகாரசாமி ஆண்டகை, கோவையின் முதல் இந்திய ஆயராகப் பொறுப்பேற்றார். கருமத்தம்பட்டித் திருநிலைப்பாட்டுக்கும் அதற்கும் இடையே 94 ஆண்டுகள். பிரெசியாக் எதிர்பார்த்ததைவிட இது மிகவும் தாமதம்.

அக்கம்பக்கத்து வீடான சீர்திருத்த சபைகளைப் பாராமல் இந்த வரலாறு நிறையாது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் 1830-இலேயே கோவைக்கு வந்துவிட்டார். ஈரோட்டில் அதே மிஷனின் பணியைப் பெருக்கிய பிரப் துரையின் பெயர் இன்றும் ஒரு சாலைக்கும் ஆலயத்துக்கும் இருக்கிறது. எனக்கு நெருக்கமானவர் அங்கே பணியாற்றிய ஹெர்பர்ட் ஆர்தர் பாப்லி. கர்நாடக இசையை முறையாகக் கற்றவர் அவர். கிராமத்து மக்களுக்கு நீண்ட பிரசங்கம் ஏறுவதில்லை, கதாகாலட்சேபம் ஏறுகிறது என்று கண்டார். தாமே பாடினார், கதை சொன்னார். அதோடு நில்லாமல், உபதேசியார்களும் ஆயர்களும் அதைக் கற்றுக்கொள்ள வழி செய்தார். எல்.ஐ. ஸ்டீபனோடு சேர்ந்து இசைவழி நற்செய்திப் பணிக்கு 1914-இல் ஒரு கைந்நூல் கொண்டுவந்தார். கிறிஸ்தவ ஊழியர்களுக்குக் கோடைகால இசை வகுப்புகள் நடத்தினார். 1921-இல் இந்திய இசை பற்றி அவர் எழுதிய நூல் இசை மாணவர்களால் இன்றும் எடுத்து வாசிக்கப்படுகிறது. 1931-இல் திருக்குறளிலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மேய்ப்புப் பணியாளர் தன் மக்களின் இசையையும் இலக்கியத்தையும் கற்பது பணிக்கு வெளியே உள்ள பொழுதுபோக்கு அல்ல, பணியின் பாகம் என்று பாப்லி வாழ்ந்து காட்டினார். அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர் ஆர்மோனியத்தோடும் தாளக்கட்டையோடும் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்தால் எல்லாத் தெருவினரும் வந்து கேட்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950-இல் அதன் கோவைப் பேராயத்துக்கு முதல் பேராயராக வந்தவர் ஏ.ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் நற்செய்தியையும் நம் பக்தி மரபையும் சேர்த்து ஆராய்ந்து பட்டம் பெற்றவர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927-இல் அவர் எழுதிய நூல் இந்திய இறையியலில் நிலைத்த இடம் பெற்றது. சாது சுந்தர்சிங்கை நேரில் அறிந்தவர். சாதுவின் வாழ்க்கை வரலாற்றை 1958-இல் வெளியிட்டார். நிர்வாகக் கோப்புகளுக்கு நடுவிலும் தியானத்தையும் தனி ஜெபத்தையும் ஆயரின் முதல் கடமையாகப் பார்த்த ஒருவர் கோவைக்கு வாய்த்தது பேறு. நாயன்மார்களையும் ஆழ்வார்களையும் வாசிக்காத தமிழ் ஆயருக்குத் தம் மக்களின் உள்ளம் முழுதும் பிடிபடாது என்ற அவருடைய எண்ணத்தைக் கத்தோலிக்கக் குருமடங்களும் பின்னாளில் தம் வழியில் ஏற்றுக்கொண்டன.

ஞான ஒடுக்கம் என்ற வழக்கம் இத்தனை மாற்றத்துக்கும் ஊடாக நீடித்தது. இஞ்ஞாசியாரின் பயிற்சி நூலுக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது 1548-இல். முழுப் பயிற்சி முப்பது நாள், நான்கு வாரங்களாகப் பகுத்தது. குருக்களுக்கு அது எட்டு நாளாகவோ ஐந்து நாளாகவோ சுருங்கும். 1917-இன் திருச்சபைச் சட்டம் மறைமாவட்டக் குருக்கள் குறைந்தது மூன்றாண்டுக்கு ஒரு முறை ஒடுக்கம் செய்ய வேண்டும் என்று விதித்தது. நடைமுறையில் அது ஆண்டுத் தியானம் என்று நிலைபெற்றது, அதோடு மாத ஒடுக்கமும் சேர்ந்துகொண்டது.

தியான நாள்களில் என்ன நடக்கிறது என்று பங்கு மக்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. சாமியார் ஊரில் இல்லை, பூசை இல்லை என்பது மட்டும் தெரியும். ஆண்டு முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தவர் அங்கே வாயைத் திறப்பதில்லை. காலையும் மாலையும் ஒருவர் தியானப் பொருள் தருவார். மீதி நேரம் அவரும் வேதாகமமும் ஆண்டவரும்தான். பிறர் பாவங்களைக் கேட்டவர் இங்கே முழந்தாளிட்டுத் தன் பாவங்களைச் சொல்கிறார். முதல் இரண்டு நாள் களைப்பில் தூக்கம் வரும் என்றும், மூன்றாம் நாளிலிருந்துதான் மனம் இறங்கும் என்றும் குருக்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஓர் ஆண்டில் அவர்கள் நடத்திய அடக்கங்கள், சமாதானப்படுத்த முடியாமல் போன குடும்பங்கள், கோபத்தில் சொல்லிவிட்ட சொற்கள் எல்லாம் அப்போதுதான் மேலே வருமாம். மனத்தில் அத்தனையையும் சுமப்பவருக்கு இந்த நாள்கள் சலுகை அல்ல, உரிமை. ஆண்டுத் தியானத்துக்குப் போகும் பங்குத்தந்தையிடம் திருமணத் தேதியைக் காட்டி முறைப்பட்டுக்கொள்ளாதீர்கள் என்று இந்த மலரின் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்தபோது படிப்பு வேறு விதமாகத் தேவைப்பட்டது. இலத்தீனில் பூசை செய்து முடி நரைத்த குருக்கள், தமிழில், மக்களை நோக்கித் திரும்பி நின்று, முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. 1965-இல் குருக்களைப் பற்றி வந்த சங்க ஏடு, திருநிலைப்பாட்டுக்குப் பின்னும் படிப்பு தொடர வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. திண்டிவனத்தில் அமைந்த தமிழ்நாட்டு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் குருக்களுக்கும் கன்னியர்க்கும் பொதுநிலையினருக்கும் அந்தப் படிப்பைத் தந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் கூடி உழைத்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம், இரண்டு வீட்டு மேய்ப்பர்களும் ஒரே பக்கத்தைத் திறந்து படிக்க வகை செய்தது. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மடல், குருவின் உருவாக்கத்தை மனிதம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப் பணி என நான்காக விரித்து, அது சாகும் வரை நீள்வது என்றது.

இப்போதைய தேவைகளையும் சொல்லியாக வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்கள் மொழி தெரியாத மேய்ப்பர் ஆறுதல் சொல்வது எப்படி? இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்கு எந்த நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும்? கடன் சுமையிலும் குடியிலும் சிக்கிய குடும்பத்துக்கு ஜெபத்தோடு ஆற்றுப்படுத்தும் கலையும் வேண்டும். தற்கொலை எண்ணத்தோடு வரும் இளைஞரிடம் எதைப் பேச வேண்டும், எப்போது மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். கொரோனா நாள்களில் உறவினர்கூட அருகில் வர முடியாத அடக்கங்களை நடத்திய குருக்களும் ஆயர்களும் உள்ளே எவ்வளவு காயப்பட்டார்கள் என்று யாரும் முறையாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

என் பெரிய வருத்தம் வேதியர்களைப் பற்றியது. குருமடமும் கன்னியர் இல்லமும் வளர்ந்த அளவுக்கு அவர்கள் படிப்பு வளரவில்லை. வேதியர் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சம்பளம் போதாது என்பது ஒரு காரணம். மதிப்பும் குறைந்தது இன்னொன்று. இன்றும் கிளைக் கிராமங்களில் ஞாயிறு வழிபாட்டை நடத்துபவர், சாவு வீட்டுக்கு முதலில் ஓடுபவர் அவர்தான். மறைக்கல்வி ஆசிரியைகள் பலர் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஞாயிறு காலையைக் கொடுப்பவர்கள். அவர்களுக்கு ஒரு நாள் கருத்தரங்கு கிடைக்கிறது, ஒடுக்கம் கிடைப்பதில்லை.

ஆகவே மலர்க் குழுவினரிடமும் பங்குப் பேரவைகளிடமும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பங்கும் தன் ஆண்டு வரவு செலவில் ஒரு சிறு தொகையை வேதியருக்கும் மறைக்கல்வி ஆசிரியைக்குமான மூன்று நாள் ஞான ஒடுக்கத்துக்கென்று தனியே எழுதட்டும். அந்த மூன்று நாள் கூலியையும் சேர்த்தே எழுதட்டும், ஏனென்றால் தறி ஓட்டுபவருக்கும் தையல் தைப்பவருக்கும் கூலி இல்லாத மூன்று நாள் பெரிய இழப்பு. தை அறுவடை முடிந்து தவக்காலம் தொடங்கும் முன் உள்ள வாரங்கள் கிராமத்தாருக்குத் தோதானவை. பனியன் தொழிலாளருக்குத் தீபாவளி விடுமுறை தோது. தியானம் கொடுக்க நம் குருக்களும் கன்னியரும் இருக்கிறார்கள். வாசிக்க வீரமாமுனிவரின் நூலும் இருக்கிறது.